வகை 2 நீரிழிவு: அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம்

நாம் உண்ணும் உணவு செரித்துச் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அச்சர்க்கரையை உடலின் செல்கள் ஏற்றுக்கொள்ளத் துணைபுரிவது, கணையம் சுரக்கும் இன்சுலின் ஆகும். செல்கள் இன்சுலினுக்குச் சரிவர இணங்காமல் போவதாலும், காலப்போக்கில் கணையத்தின் சுரப்பு குறைவதாலும் இரத்தத்தில் சர்க்கரை மிகுகிறது. இதுவே வகை 2 நீரிழிவு. பெரும்பாலும் பெரியவர்களுக்கு வரும் இந்நோய், இப்போது இளம் வயதினரிடமும் காணப்படுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடைபெற்று 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்வதாக மதிப்பிட்டது.

இந்நோய் பல ஆண்டுகள் எவ்வித வலியும் தராமல் இருக்கக்கூடும். அக்காலத்திலும் கண், சிறுநீரகம், நரம்பு, இதயம் ஆகியவை பாதிக்கப்படலாம். ஆகவே, ‘உடம்புக்கு ஒன்றும் இல்லை’ என்னும் உணர்வை நம்பியிராமல், பரிசோதனை அளவை நம்புவதே பாதுகாப்பானது.

காணப்படக்கூடிய அறிகுறிகள்

• அடிக்கடி, குறிப்பாக இரவில், சிறுநீர் கழித்தல்
• அதிகத் தாகம், அதிகப் பசி, களைப்பு
• காரணமின்றி எடை குறைதல்
• பார்வை மங்குதல்
• புண்கள் ஆறத் தாமதமாதல். பிறப்புறுப்பில் அடிக்கடி அரிப்பு
• பாதங்களில் மதமதப்பு அல்லது எரிச்சல்

யார் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்?

30 வயதைக் கடந்த அனைவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ நீரிழிவு உள்ளவர்கள், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள், கர்ப்பகாலத்தில் நீரிழிவு இருந்த பெண்கள், இடுப்புச் சுற்றளவு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள் ஆகியோர் இதனைத் தள்ளிப்போடக் கூடாது. மெலிந்த உடல்வாகு உள்ளவர்களுக்கும் இந்நோய் வரலாம்.

அளவுகள் கூறுவது என்ன?

கீழ்க்காணும் அளவுகள் நீரிழிவைக் குறிக்கும்:

• வெறும் வயிற்றில்: டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல்
• 75 கிராம் குளுக்கோஸ் அருந்தி 2 மணி நேரம் கழித்து: 200 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல்
• மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி: 6.5 விழுக்காடு அல்லது அதற்கு மேல்

அறிகுறிகள் இல்லாதவர்களுக்கு மற்றொரு பரிசோதனையால் உறுதிசெய்யப்படும். விரல் நுனியில் எடுக்கும் அளவு மிகுந்திருந்தால், ஆய்வகத்தில் சிரையிலிருந்து இரத்தம் எடுத்து உறுதிசெய்ய வேண்டும்.

அன்றாடப் பேணல்

உணவு: தட்டில் பாதியளவு காய்கறி, கீரை, கால் பங்கு சோறு அல்லது பிற தானியம், கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன் போன்ற புரதம் என அமைத்துக்கொள்வது எளிய வழி. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் ஆகியவையும் இரத்தச் சர்க்கரையை உயர்த்துபவையே. கேழ்வரகு, கம்பு ஆகியவற்றை மாவாக்கிக் கூழாகக் குடிக்கும்போது சர்க்கரை விரைவில் ஏறக்கூடும் என்பதால், அவற்றுக்கும் அளவு தேவை. பழச்சாற்றைத் தவிர்த்து, முழுப் பழத்தை மிதமாக உண்ணலாம்.

உடலுழைப்பு: வாரத்தில் 5 நாட்களேனும், நாளொன்றுக்கு 30 நிமிடம் வேகமாக நடத்தல் நன்று. புகையிலையை அறவே விட வேண்டும்.

மருந்து: அளவு சீரானதும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடுவது பலர் செய்யும் தவறு. மருந்தை உட்கொள்வதனாலேயே அந்த அளவு சீராக இருந்திருக்கக்கூடும். எடை குறைந்து, அளவு நீடித்துச் சீராக இருப்பவர்களுக்கு மருந்தைக் குறைக்க இயலலாம். அதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். பலருக்கு ஹெச்பிஏ1சி 7 விழுக்காட்டிற்குக் கீழ் இருப்பது இலக்காகும். முதியோருக்கு மருத்துவர் இதனைத் தளர்த்தலாம்.

சர்க்கரை தாழ்ந்தால்

இன்சுலின் அல்லது சிலவகை மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள் உணவைத் தவறவிட்டால் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கக்கூடும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, தடுமாற்றம் ஆகியவை இதன் அறிகுறிகள். உடனே 3 தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் அளவைப் பாருங்கள். குறைவாகவே இருந்தால் மறுபடியும் கொடுங்கள். அளவு ஏறிய பின் உணவு உண்ணச் செய்யுங்கள். மயங்கிய நிலையில் உள்ளவருக்கு வாயில் எதையும் ஊட்டாதீர்கள். 108 ஆம்புலன்சை அழையுங்கள்.

பாதங்களைக் காத்தல்

நரம்பு பாதிக்கப்பட்ட பாதத்தில் முள் குத்தினாலும் வலி தெரியாது. வலியற்ற சிறு காயமே சீழ் பிடித்து, விரலையோ காலையோ அகற்றும் நிலைக்குக் கொண்டு செல்லக்கூடும். எனவே, நாள்தோறும் இரவில் பாதத்தின் அடியையும் விரலிடுக்குகளையும் பார்க்க வேண்டும். குனிய இயலாத முதியோருக்கு வீட்டிலுள்ளவர்கள் பார்த்து உதவலாம். வீட்டிற்குள்ளும் காலணி அணிவது நல்லது. வெயிலில் சுட்ட கோயில் பிராகாரத்தில் வெறுங்காலுடன் நடப்பது, வெந்நீரில் கால் வைப்பது, கால் ஆணியைப் பிளேடால் வெட்டுவது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். புண்ணோ நிறமாற்றமோ கண்டால், வலி இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவரை அணுகுங்கள்.

ஆண்டுதோறும் செய்ய வேண்டியவை

விழித்திரை, சிறுநீரில் புரதம், சிறுநீரகச் செயல்பாடு, கொழுப்பு அளவு, பாத உணர்ச்சி ஆகிய பரிசோதனைகளை ஆண்டுக்கு ஒருமுறையேனும் செய்துகொள்ள வேண்டும். இரத்த அழுத்தத்தை ஒவ்வொரு வருகையின்போதும் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரைப் பரிசோதனையும் மருந்துகளும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ், நீரிழிவுக்கும் உயர் இரத்த அழுத்தத்திற்குமான மருந்துகள் இல்லத்திற்கே வந்து வழங்கப்படுகின்றன. மருத்துவ ஆலோசனைக்கு 104 என்னும் எண்ணை அழைக்கலாம்.

உங்கள் இல்லத்தில் 30 வயதைக் கடந்தும் இதுவரை பரிசோதித்துக்கொள்ளாதவர் இருந்தால், இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள்.