ஒத்தையா, ரெட்டையா?

ஓரமாகக் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர், நாலு ஹார்ட் டிஸ்க், ரவுட்டருக்குப் போகும் ஒரு லேன் கேபிள். வீட்டிலுள்ள எல்லா போன்களின் படங்களையும் காக்கும் சர்வருக்கு இவை போதும். ட்ரூநாஸ், ஓப்பன்மீடியாவால்ட் போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கிகாபிட் லேன் விநாடிக்கு 125 மெகாபைட்டுக்கு மேல் கடத்தாது என்பதால், பழைய ப்ராசஸரே ஈடுகொடுத்துவிடும். பணத்தை டிஸ்க்கிலும் நல்ல பவர் சப்ளையிலும் போடுங்கள்.

அந்த நாலு டிஸ்க்கில் எது செத்தாலும் ஒரு படம்கூடத் தொலையாது. எதற்கும் முழு நகல் எடுத்துவைக்கவும் இல்லை. பிறகு எப்படி?

உள்ளங்கையில் புளியங்கொட்டையை மூடிக்கொண்டு 'ஒத்தையா, ரெட்டையா' என்று கேட்போமே, அந்தக் கணக்குதான். டிஸ்க்கில் இருப்பதெல்லாம் 1, 0 மட்டுமே. மூன்று டிஸ்க்குகளில் ஒரே இடத்தில் 1, 0, 1 என்று இருக்கட்டும். இரண்டு ஒன்றுகள், இரட்டை. நாலாவதில் 0 எழுதப்படும். 1, 1, 1 என்றால் ஒற்றை. நாலாவதில் 1 எழுதி இரட்டையாக்கிவிடும். இப்போது இரண்டாவது டிஸ்க் செத்துவிட்டது. முதல் வரிசையில் மிச்சம் 1, 1, 0. ஏற்கெனவே இரட்டை, ஆகவே தொலைந்தது 0. இப்படியே கோடானுகோடி இடங்களிலும் கணக்குப் போட்டு, புது டிஸ்க்கில் பழையதை அப்படியே எழுதிவிடுகிறது. நாலு டெராபைட் டிஸ்க் நாலு வாங்கினால் பன்னிரண்டு நமக்கு, காவலுக்கு நாலுதான். (இந்தக் காவல் எண்கள் ஒரே டிஸ்க்கில் குவியாமல் நாலிலும் பரவிக் கிடக்கும்.)

1988-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவரும் இந்த ஏற்பாட்டுக்கு 'ரெய்டு' என்று பெயரிட்டார்கள். ஐபிஎம்மின் பிரம்மாண்ட டிஸ்க்குக்குப் பதில் மலிவான சின்ன டிஸ்க்குகளை அடுக்கலாமே என்பது அவர்கள் யோசனை. ஆனால் ஒரு டிஸ்க் சராசரியாக 30,000 மணி நேரம் உழைத்தால், நூறு சேர்ந்த அடுக்கில் 300 மணிக்கொன்று பழுதாகும்; இரண்டு வாரம்கூடத் தாங்காது. அந்த இடத்தில் கைகொடுத்தது ஒற்றை இரட்டைக் கணக்கு. மலிவான பொருளின் பலவீனத்தைக் கூட்டல் கணக்கு ஈடுகட்டியதை இன்றும் அதிசயமாகவே நினைக்கிறேன்.

அதற்கும் எல்லை உண்டு. விநாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் நாலு டெராபைட்டை மீட்க ஏழு மணி நேரத்துக்கு மேலாகும். அதற்குள் இன்னொரு டிஸ்க் போனால் எல்லாம் போயிற்று. கை தவறி அழித்த படத்தையும், இடி விழுந்து கருகிய பெட்டியையும் எந்தக் கணக்கும் மீட்காது. குழந்தைகளின் படங்களுக்கு இன்னொரு பிரதி எடுத்து, வேறொரு வீட்டில் வையுங்கள்.