சாவியில் பேட்டரி தீர்ந்தால் கார் கிளம்பாதா? பதறாமல் செய்ய வேண்டியவை!

சென்னிமலை முருகனைத் தரிசிக்க 1,320 படிகளை ஏறிப் போகிறவர்கள் உண்டு. முழங்கால் வலியுள்ள பெரியவர்களோடு குடும்பமாக வருகிறவர்களுக்கு மலைப்பாதையில் கார்தான் தோது. தரிசனம் முடிந்து பிரசாதப் பையோடு காருக்கு வந்தால், கதவு திறக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிமோட் சாவியை எத்தனை முறை அமுக்கினாலும் சத்தமே இல்லை. பாட்டி வெயிலில் நிற்கிறார், குழந்தை அழுகிறது. மெக்கானிக்கைக் கூப்பிடுவதா, வீட்டிலிருந்து இன்னொரு சாவியை வரவழைப்பதா?

பெரும்பாலும் இரண்டும் தேவைப்படாது. தீர்ந்திருப்பது சாவிக்குள் இருக்கும் சின்ன பட்டன் பேட்டரியாக இருக்கலாம். அது தீர்ந்தாலும் கதவைத் திறக்கவும் வண்டியைக் கிளப்பவும் காரிலேயே மாற்று வழி இருக்கிறது.

முன்கூட்டியே தெரியும்

பட்டன் பேட்டரி ஒரே நாளில் தீர்வதில்லை. பத்துப் பதினைந்தடி தூரத்தில் திறந்த கதவு, பக்கத்தில் போனால்தான் திறக்கும். ஒரு தடவை அமுக்கினால் போதும் என்றிருந்தது, மூன்று நான்கு தடவையாகும். பல கார்களில் மீட்டர் பக்கத்தில் 'கீ பேட்டரி லோ' என்று எச்சரிக்கையும் வரும். அப்போதே மாற்றிவிட்டால் பிரச்னை இல்லை.

வண்டி ஓடும்போது இந்த எச்சரிக்கை வந்தால் பயப்பட வேண்டாம். சாவியின் பேட்டரி தீர்ந்ததால் ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின் நின்றுவிடாது. அணைத்துவிட்டு மறுபடி கிளப்பும்போதுதான் சிக்கல் வரும்.

கதவைத் திறக்க

ரிமோட் சாவியின் ஓரத்தில் சின்ன பட்டன் அல்லது தாழ் போன்ற அமைப்பு இருக்கும். அதை நகர்த்தி இழுத்தால் உள்ளேயிருந்து உலோகச் சாவி வரும். டிரைவர் பக்கக் கதவின் கைப்பிடியில் அதற்கான துளை இருக்கும். சில மாடல்களில் துளையை ஒரு பிளாஸ்டிக் மூடி மறைத்திருக்கும். இப்படித் திறக்கும்போது சில கார்களில் அலாரம் அலறலாம். வண்டியைக் கிளப்பியதும் அது நின்றுவிடும்.

வண்டியைக் கிளப்ப

கார் அனுப்பும் ரேடியோ அழைப்புக்குச் சாவி பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலுக்குத்தான் பேட்டரி தேவை. ஆனால் சாவிக்குள் பேட்டரி இல்லாமலே வேலை செய்யும் இன்னொரு சின்ன சிப்பும் உண்டு. மெட்ரோ ரயில் கார்டைக் கதவில் காட்டினால் திறக்கிறதே, அதே மாதிரிதான். மிக அருகில் கொண்டுபோனால் காரிலிருந்தே அதற்கு மின்சாரம் கிடைத்துவிடும்.

எனவே ஆட்டோமேட்டிக் கார் என்றால் பிரேக்கையும், கியர் கார் என்றால் கிளட்சையும் மிதித்துக்கொண்டு, சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடியுங்கள். பிறகு பட்டனை அமுக்குங்கள். சில கார்களில் சாவியாலேயே பட்டனை அமுக்கச் சொல்வார்கள். வேறு சிலவற்றில் சாவியை வைக்க கியருக்குப் பக்கத்தில் தனி இடம் இருக்கும். உங்கள் காருக்கு எது என்பது காரோடு தந்த கையேட்டில் இருக்கும். வீட்டு வாசலிலேயே ஒரு தடவை செய்து பார்த்துவிடுங்கள்.

அப்படியும் கிளம்பவில்லையா? உள் விளக்கு மங்கலாக எரிகிறதா என்று பாருங்கள். மங்கலாக இருந்தால் பழுது காரின் பெரிய பேட்டரியில் இருக்கலாம். விளக்கெல்லாம் பிரகாசமாக எரிந்தும் கிளம்பவில்லை என்றால்தான் இன்னொரு சாவியையோ சர்வீஸ் சென்டரையோ தேட வேண்டும்.

பேட்டரியை மாற்ற

பல சாவிகளில் இருப்பது சிஆர் 2032 என்ற 3 வோல்ட் பேட்டரி. எண்ணிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். சிஆர் 2025-ம் அதே அகலம்தான். தடிமன் மட்டும் 2.5. பார்க்க ஒரே மாதிரி இருப்பதால், பழைய பேட்டரியில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்குங்கள். வாட்ச் கடையிலோ எலெக்ட்ரிக்கல் கடையிலோ கிடைக்கும்.

உலோகச் சாவியை எடுத்த இடத்தில் உள்ள பிளவில், துணி சுற்றிய தட்டை ஸ்க்ரூடிரைவரை வைத்து மெல்லத் திருப்பினால் மூடி பிரியும். பழைய பேட்டரியின் 'பிளஸ்' பக்கம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். புதியதை ஓரங்களில் பிடித்து அதே மாதிரி பொருத்தி, மூடியை 'க்ளிக்' என்று சத்தம் வரும்வரை அமுக்குங்கள். பேட்டரி மாற்றியதற்காகச் சாவியை மறுபடி புரோகிராம் செய்ய வேண்டிய தேவை பொதுவாக வராது.

சாவியை டி.வி., செல்போன் சார்ஜர், இண்டக்‌ஷன் அடுப்பு அருகில் போட்டு வைக்காதீர்கள். அவற்றின் மின்காந்த அலையால் பேட்டரி சீக்கிரம் தீரலாம்.

கழற்றிய பேட்டரி எங்கே?

இதுதான் வீட்டில் கவனிக்காமல் விடும் இடம். பழைய பேட்டரி மேசை மேல் கிடக்கும். தவழும் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். காரைக் கிளப்பச் சக்தியில்லாத பேட்டரியிலும் குழந்தையின் உணவுக்குழாயை அரிக்கும் அளவுக்கு மின்சாரம் மிச்சமிருக்கும். உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே கடுமையான புண் ஏற்படலாம். அமெரிக்காவில் ரிமோட்டிலிருந்த பட்டன் பேட்டரியை விழுங்கிய ஒன்றரை வயதுக் குழந்தை 2020-ல் இறந்தது. அந்தக் குழந்தையின் பெயரிலேயே 2022-ல் 'ரீஸ் சட்டம்' கொண்டுவந்து, பேட்டரி மூடி எளிதில் திறக்காதபடி இருக்க வேண்டும் என்று விதித்தார்கள்.

விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே ஓடுங்கள், 108-ஐ அழையுங்கள். காசு விழுங்கினால் செய்வதுபோல வாழைப்பழம் கொடுத்து உள்ளே தள்ளப் பார்க்கக் கூடாது. வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. 'பட்டன் பேட்டரியாக இருக்கலாம்' என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் அது காசுபோலத் தோன்றக்கூடும்.

கழற்றியதுமே பேட்டரியின் இரு பக்கமும் டேப் ஒட்டி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குப்பைத்தொட்டியில் போடாமல், மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள். கல்யாண மண்டபத்தில் அழும் குழந்தையைச் சமாதானப்படுத்தக் கார் சாவியைக் கையில் கொடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். கீழே விழுந்து மூடி தளர்ந்த சாவியிலிருந்து பேட்டரி வெளியே வர ஒரு நிமிடம் போதும்.