அதிவேகத்தில் பிரியும் அடுக்குகள்

பல அடுக்கு ராக்கெட்டில், எரிபொருள் தீர்ந்த அடுக்கு கழன்று விழ, மீதிப் பகுதி மேலே செல்கிறது. பெரும்பாலும் காற்று மிக மெலிந்த உயரத்தில் இது நடப்பதால் காற்றின் குறுக்கீடு குறைவு. காற்றுள்ள உயரத்தில், ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் பிரிய நேர்ந்தால் நிலைமை வேறு. ஒரு பகுதியிலிருந்து எழும் அதிர்வலை மற்றொன்றில் பட்டுத் திரும்புகிறது. இடைவெளி சற்றே மாறினாலும் விசையின் அளவும் திசையும் மாறிவிடுகின்றன.

இதன் ஆபத்து 1966 ஜூலை 30 அன்று வெளிப்பட்டது. அமெரிக்காவின் எம்-21 விமானம் தன் முதுகில் சுமந்த டி-21 ஆளில்லா விமானத்தை ஒலியின் 3 மடங்குக்கும் மேலான வேகத்தில் விடுவித்தது. முன்பு 3 முறை ஒழுங்காகப் பிரிந்த டி-21, இம்முறை தாய் விமானத்தின் மீதே மோதியது. உள்ளே இருந்த இருவரும் வெளியே குதித்தனர்; ஒருவர் கடலில் மூழ்கி இறந்தார்.

நாசாவின் எக்ஸ்-43ஏ ஆளில்லா விமானத்துக்கு இந்தச் சிக்கல் தவிர்க்க முடியாததாக இருந்தது. அதன் ஸ்கிராம்ஜெட் எஞ்சின் வளிமண்டலக் காற்றை உள்வாங்கி இயங்குவதால், காற்றுள்ள உயரத்திலேயே அது பெகாசஸ் ராக்கெட்டின் முனையிலிருந்து பிரிந்தாக வேண்டும். திட்டமிட்ட உயரம் சுமார் 29 கி.மீ.; வேகம் ஒலியின் 7 மடங்கு. அங்கே எதிர்க்காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5 டன் எடைக்குச் சமம்.

இத்தகைய பிரிவைக் கணினியில் ஆராய, இரு பகுதிகளையும் சுற்றியுள்ள வெளி லட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் காற்றின் அழுத்தம், வெப்பம், வேகம் ஆகியவை கணக்கிடப்படுகின்றன. இரு பகுதிகளுக்கும் தனித்தனி வலை உண்டு. அவை விலகும்போது வலைகளும் உடன் நகர்ந்து, ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களில் தகவலைப் பரிமாறிக்கொள்கின்றன. கிடைக்கும் விசைகளைக் கொண்டு ஒவ்வொரு பகுதியும் எப்படி நகரும், எந்தப் பக்கம் திரும்பும் என்று கணிக்கப்படுகிறது. பிறகு காற்றின் அடர்த்தி, தள்ளிவிடும் கருவியின் வலு, பறக்கும் கோணம் ஆகியவற்றைச் சிறிது சிறிதாக மாற்றி, அதே கணக்கு பல முறை ஓட்டப்படுகிறது. இரு பகுதிகளும் மோதும் வாய்ப்பு எவ்வளவு என்பது இதில் தெரிகிறது.

கணிப்பு சரிதானா என்று பார்க்க, காற்றுச் சுரங்கத்தில் சிறிய மாதிரிகளை வைத்து அளந்து ஒப்பிடுவார்கள். எக்ஸ்-43ஏ விஷயத்திலும் இரண்டு வழிகளும் கைகோத்தன. 2001-இல் முதல் பயணம் பிரியும் கட்டத்துக்கு முன்பே, ராக்கெட் கட்டுப்பாட்டை இழந்ததால் தோற்றது. 2004 மார்ச்சில் ஒலியின் சுமார் 7 மடங்கிலும், நவம்பரில் 10 மடங்கை நெருங்கிய வேகத்திலும் பிரிவு பழுதின்றி முடிந்தது.

உள்ளே கொடுக்கும் தகவல் பிழையானால் கணிப்பும் பிழையாகும். 2008 ஆகஸ்டில் ஃபால்கன் 1 ராக்கெட்டின் முதல் அடுக்கு பிரிந்த பிறகும், எஞ்சினில் எஞ்சியிருந்த சிறு உந்துவிசையால் முன்னேறி இரண்டாம் அடுக்கில் மோதியது. தரைச் சோதனையில் சுற்றுப்புறக் காற்றழுத்தம் அந்த உந்துவிசையை மறைத்திருந்தது. எஞ்சின் அணைவதற்கும் அடுக்கு பிரிவதற்கும் இடையிலான நேரத்தைக் கூட்டியதும், செப்டம்பர் 28 அன்று அடுத்த ராக்கெட் சுற்றுப்பாதையை அடைந்தது.