பழைய மாடியும் புதிய பாரமும்

புதுச்சேரியின் பழைய நகரில், தமிழர் வீதிகளில், வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. திண்ணையும் தாழ்வாரமும் தெருவரை வந்துவிடுகின்றன. செடி வளர்க்க எஞ்சியிருப்பது பெரும்பாலும் மொட்டைமாடிதான். வெயிலைத் தணிக்கவும் வீட்டுக்கான கீரை, காய்கறி பெறவும் மாடித் தோட்டம் நல்ல வழி என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும், மாடி எதனால் ஆனது என்று கேளாமல் தொட்டிகளை ஏற்றுவது வீட்டுக்கே கேடாக முடியலாம் என்று அஞ்சுகிறேன்.

இவ்வீடுகளின் கூரை கான்கிரீட் அன்று. மர உத்திரங்களின் மேல் சட்டங்களை அடுக்கி, மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் செங்குத்தாகப் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து இறுக்கி, தட்டோடு பாவிய தளம் அது. ‘மெட்ராஸ் டெரஸ்’ என்பது அதன் பெயர். சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சும்; வெயில் பட்டால் வெளிவிடும். தொட்டிக்கு அடியில் ஓயாது ஈரம் நின்றால் தளம் உலர வழியில்லை. சுவருக்குள் செருகியிருக்கும் உத்திர முனை மெல்ல உளுத்துப்போகும். அது கண்ணுக்குத் தெரியாது.

எடையும் சிறிதன்று. ஈர மண் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 1,800 கிலோ இருக்கும். 20 செ.மீ. ஆழத்துக்குப் பரப்பினால் ஒரு சதுர மீட்டருக்கு 360 கிலோ. ஆட்கள் நடமாடும் கூரைக்கு இந்தியத் தர விதிகள் கணக்கில் கொள்ளும் பயன்பாட்டுச் சுமையோ சுமார் 150 கிலோதான்.

2014 நவம்பரில் கடற்கரைச் சாலையின் மேரி கட்டடம் மழையில் இடிந்து விழுந்ததை நாம் மறக்கலாகாது. அங்கே தோட்டம் ஏதுமில்லை. நெடுநாள் பராமரிப்பின்மையும் மழைநீருமே போதுமானவையாக இருந்தன.

ஆகவே தோட்டம் வேண்டாம் என்பதன்று என் வாதம். முதலில் உத்திர முனைகளைப் பொறியாளர் ஒருவர் சோதிக்கட்டும். தளத்தின் நடுவை விடுத்து, கீழிருந்து எழும் சுமைதாங்கு சுவர்களின் நேர்மேலே தொட்டிகளை வைக்கலாம். மண்ணைக் குறைத்துத் தென்னை நார்க்கழிவைக் கூட்டலாம். தொட்டிகளைத் தாங்கிகளின்மேல் உயர்த்தினால் தளம் காற்றாடி உலரும். நீர்ப்போக்கிகளில் சருகு அடையாமலும், விரிசலில் அரசங்கன்று வேரூன்றாமலும் பார்த்துக்கொள்வது அன்றாடக் கடமை.

மாடித் தோட்டத்தை ஊக்குவிக்கும் அரசு, கான்கிரீட் மாடிக்கும் மரபு வீட்டு மாடிக்கும் ஒரே அறிவுரையைத் தரலாகாது. விதையும் உரமும் வழங்குவதற்கு முன், பழைய வீடுகளுக்குக் கட்டணமின்றிக் கூரைச் சோதனை செய்துதருவதே முறை.