தூண்டில்காரர்களின் பேரேடு

கேரளத்தில் 44 ஆறுகள் உண்டு. அவற்றுள் 41 ஆறுகள் மேற்கு நோக்கி ஓடுகின்றன. எஞ்சிய மூன்று மட்டும் அரபிக்கடலுக்கு முதுகு காட்டிக் கிழக்கே திரும்பி, காவிரியைத் தேடி வருகின்றன. வயநாட்டின் கபினி, பாலக்காட்டு மாவட்டத்தின் அட்டப்பாடி வழியே வரும் பவானி, இடுக்கி மாவட்டத்தின் பாம்பாறு ஆகியவையே அம்மூன்றும். நீலகிரியில் பிறக்கும் பவானி கேரளத்துக்குள் இறங்கி, முக்காலி என்னும் சிற்றூருக்கருகே வளைந்து மீண்டும் தமிழகத்துக்கே திரும்புகிறது. ஆனைமுடிச் சரிவுகளில் பிறக்கும் பாம்பாறு மறையூரைக் கடந்து, சின்னாற்றுக் காட்டினூடே ஓடி, அமராவதியாகக் கரூர் வரை வந்து காவிரியில் கலக்கிறது.

இந்த ஆறுகளில் வாழும் ஒரு மீனைத் தேடி உலகின் பல நாடுகளிலிருந்தும் தூண்டில்காரர்கள் நம் மலைகளுக்கு வந்தனர். காட்டோரக் குடில்களில் தங்கினர். பிடித்த மீனை எடைபோட்டு, ஏட்டில் எழுதி, மீண்டும் நீரிலேயே விட்டனர். பொழுதுபோக்காக எழுதப்பட்ட அந்தக் கணக்கே பின்னாளில் ஓர் உயிரினத்தின் நிலையை நமக்கு உணர்த்தியது. வரவையும் இருப்பையும் அன்றாடம் கவனிக்கும் வங்கி வாடிக்கையாளர்களுக்கு இந்தக் கதையில் பழக்கமான ஒரு பாடம் இருக்கிறது.

மேகத்துக்குள் ஓடும் ஓடைகள்

பயணத்தை மூணாற்றிலிருந்து தொடங்குவோம். ஊருக்கு மேலே இரவிகுளம் மேட்டுநிலம் விரிந்து கிடக்கிறது. புல்வெளிகளும், மடிப்புகளில் ஒளிந்திருக்கும் சோலைக் காடுகளும், அவற்றிலிருந்து கசிந்து வரும் குளிர்ந்த ஓடைகளும் நிறைந்த நிலம் அது. 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இதன் பரப்பு 97 சதுர கிலோமீட்டர். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி, 2,695 மீட்டர் உயரத்தில், இங்கேதான் நிற்கிறது. வரையாட்டைக் காண வருவோர் பலர். ஓடையில் ஓடும் மீனைக் கவனிப்போர் சிலரே.

அந்த ஓடைகளில் வாழும் டிரவுட் மீன் இந்த மண்ணுக்கு உரியதன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், தேயிலைத் தோட்டங்களை நடத்திய ஆங்கிலேயர் தம் நாட்டு ஓடைகளின் நினைவில் அதை இங்கே கொண்டுவந்து விட்டனர். நீலகிரியில் அம்முயற்சி அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே 1860களில் முட்டைகளை வரவழைத்துப் பார்த்துத் தோல்வி கண்டார். பின்னர் 1907இல் அவலாஞ்சியில் குஞ்சுப் பண்ணை அமைந்தது. ஹென்றி வில்சன் என்னும் அலுவலர் அங்கே வானவில் டிரவுட்டை நிலைபெறச் செய்தார். தண்ணீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியசைத் தாண்டினால் தவித்துப் போகும் இம்மீனுக்கு, நம் நாட்டின் தென்கோடியில் இத்தகைய சில மலைமுகடுகளே புகலிடம்.

டிரவுட்டைப் பிடிக்கும் கலைக்குத் தனி முறை உண்டு. ஃப்ளை ஃபிஷிங் எனப்படும் இம்முறையில் முள்ளில் புழுவைக் கோப்பதில்லை. இறகையும் நூலையும் முள்ளின்மேல் சுற்றி, ஈயையோ நீர்ப்பூச்சியையோ போன்ற உருவத்தைச் செய்கின்றனர். அந்தப் பொய்ப் பூச்சிக்கு எடையே இல்லை. ஆகவே கனமான கயிற்றை முன்னும் பின்னும் வீசி, அந்த வீச்சின் விசையால் பூச்சியை நீர்மேல் மெல்ல அமர்த்த வேண்டும். நீரோட்டத்தை எதிர்த்துத் தலைவைத்து நிற்கும் மீனுக்குப் பின்புறமாக, நிழல் விழாமல் நெருங்க வேண்டும். ஒரு மீனுக்காக அரைநாள் காத்திருந்து வெறுங்கையோடு திரும்புவதும் இந்தப் பொழுதுபோக்கின் ஒரு பகுதியே.

இரவிகுளத்திலிருந்து இறங்கும் ஓடைகளில் ஒன்று, மறையூர்ச் சாலையோரத்தில் லக்கம் அருவியாக விழுந்து பாம்பாற்றில் சேர்கிறது. ஒரே ஆற்றின் தலைப்பகுதியில் வந்தேறிய மீன்; அதன் கீழ்ப்பகுதியிலோ, அந்த நீருக்கே உரிய, உலகில் வேறெங்கும் இயற்கையாகக் காணப்படாத மற்றொரு மீன். அதுவே மகசீர் வகையைச் சேர்ந்த திமில் மகசீர்.

பெயரில்லாத பெருமீன்

மகசீர் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. பாறைகளுக்கிடையே பாய்ந்தோடும் தெளிந்த ஆற்றில் வாழும். தூண்டிலில் சிக்கினால் ஓட்டத்தோடு ஓடிக் கயிற்றை அறுத்துவிடும் வலிமை அதற்கு உண்டு. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஹென்றி சல்லிவன் தாமஸ், 1873இல் வெளியிட்ட இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பு பற்றிய நூலில் இம்மீனைப் புகழ்ந்து எழுதினார். அதன்பின் மேலைநாட்டுத் தூண்டில்காரர்களின் கனவில் காவிரி இடம்பெற்றது. 1946இல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் குடும்பத்தார் ஒருவர் பிடித்த மீன் 120 பவுண்டு எடை இருந்தது. அதாவது ஏறத்தாழ 54 கிலோகிராம். வளர்ந்த மனிதர் ஒருவரின் எடை.

தலைக்குப் பின்னே திமில்போல் உயர்ந்த முதுகும் செம்மஞ்சள் நிறத் துடுப்புகளும் கொண்ட இம்மீன், காவிரி நீர்த்தொகுதிக்கு மட்டுமே உரியது. படங்களும் கதைகளும் உலகெங்கும் பரவின. எனினும் இதற்குரிய அறிவியல் பெயர் எது என்பதில் மட்டும் நூறாண்டுக்கும் மேலாகத் தெளிவு பிறக்கவில்லை. பெயர் உறுதிப்படாத உயிரினத்தை அழிந்துவரும் இனங்களின் பட்டியலில் சேர்க்க இயலாது. பட்டியலில் இல்லாததற்குப் பாதுகாப்பும் எளிதில் கிட்டாது. உரிமையாளர் பெயர் எழுதப்படாத சொத்துப் பத்திரம் போன்ற நிலை அது.

முகாமின் கணக்கு

1972இல் தொடங்கப்பட்ட தென்னிந்திய வனவுயிர்ச் சங்கம் காவிரியின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காத்தது. கர்நாடக அரசின் நிறுவனமான ஜங்கிள் லாட்ஜஸ், பீமேஸ்வரி, கலிபோரே போன்ற இடங்களில் ஆற்றங்கரை முகாம்களை நடத்தியது. கேழ்வரகு மாவை வேகவைத்து உருட்டிய உருண்டைகளே அங்கே பெரும்பாலும் இரை. பிடித்த மீனை எடைபோட்டுவிட்டு உயிரோடு ஆற்றில் விட வேண்டும் என்பது விதி. முன்பு வலையும் வெடியும் கொண்டு மீன் பிடித்த உள்ளூரார் சிலர், வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் சம்பளத்துக்கு அமர்ந்தனர். உயிரோடிருக்கும் மீனால் மாதந்தோறும் வருமானம் வந்ததால், அதைக் காப்பதில் அவர்களுக்கும் அக்கறை பிறந்தது.

மீன்வளத்தைப் பெருக்கும் நல்லெண்ணத்தோடு மற்றொரு பணியும் நடந்தது. மகாராட்டிரத்தின் லோனாவாலாவில் டாட்டா மின்நிறுவனம் நடத்திய பண்ணையிலிருந்து மகசீர்க் குஞ்சுகள் 1970களிலிருந்து கொண்டுவரப்பட்டுக் காவிரியில் விடப்பட்டன. அவை நீலத் துடுப்புடைய வேறொரு மகசீர் இனம். எல்லாம் மகசீர்தானே என்று அன்று எவரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

இங்கேதான் பேரேடு துணைக்கு வந்தது. கலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை பதிவான தூண்டில் விவரங்களை, இங்கிலாந்தின் போர்ன்மவுத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏட்ரியன் பிண்டரும் கேரளத்தைச் சேர்ந்த ராஜீவ் ராகவனும் மற்றவர்களும் ஆராய்ந்தனர். மொத்தம் 23,620 மணி நேர உழைப்பில் 6,161 மீன்கள் பிடிபட்டிருந்தன. ஒரு மீனுக்குச் சராசரியாக நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. மேலோட்டமாகப் பார்த்தால் மகிழ்ச்சியான கணக்கு அது. ஆண்டுக்கு ஆண்டு கிடைக்கும் மீன்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே சென்றது. ஆனால் சராசரி எடை குறைந்தது.

இனவாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் உண்மை புலப்பட்டது. பெருகியது முழுவதும் வெளியிலிருந்து வந்த நீலத்துடுப்பு மகசீர். காவிரிக்கே உரிய திமில் மகசீரின் எண்ணிக்கை சரிந்துகொண்டிருந்தது. அவ்வப்போது சிக்கியவையும் பெரிய, முதிய மீன்கள். அடுத்த தலைமுறை தோன்றவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். மொத்த இருப்பை மட்டும் பார்த்து நிறைவடைந்தவர்கள், மூலதனம் கரைந்ததைக் காணவில்லை. அணைகள், மணல் அள்ளுதல், மாசு, வெடி மீன்பிடிப்பு ஆகியவற்றோடு, அன்பின் மிகுதியால் செய்த அந்தக் குஞ்சுவிடலும் ஒரு காரணமாக ஆய்வாளர்களால் சுட்டப்பட்டது.

அதே 2012இல், வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையில் காவிரிச் சரணாலயப் பகுதியில் தூண்டில் மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. சட்டத்தின் நோக்கத்தில் குறை காண இயலாது; சரணாலயம் என்பது எல்லா உயிர்களுக்கும் உரிய இடம். எனினும் தூண்டில்காரர்கள் வெளியேறியதோடு கரையோரக் காவலும் பதிவேடும் நின்றுபோயின. அந்த வெற்றிடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்ற கேள்வி இன்றும் ஆற்றங்கரையில் நிற்கிறது.

சிற்றாற்றில் கிடைத்த விடை

பெயர்க் குழப்பத்துக்கு விடை கிடைத்தது பெரிய காவிரியில் அன்று. இடுக்கியின் சிறிய பாம்பாற்றில். 2007இல் கேரள ஆய்வாளர்களான மதுசூதன குறுப்பும் ராதாகிருஷ்ணனும் இவ்வாற்றில் கிடைத்த இளம் மகசீர் மீன்களை ஆராய்ந்து, புதிய இனமாக விவரித்தனர். சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய மீனியல் அறிஞர் ரமாதேவியைப் போற்றும் வகையில் அதற்கு ‘டோர் ரமாதேவி’ என்று பெயரிட்டனர். அப்போது அந்தச் சிறுமீன்களுக்கும் காவிரியின் பெருமீனுக்கும் உள்ள உறவை எவரும் உறுதிசெய்யவில்லை.

2018இல் பிண்டர், ராகவன், கோவைப் பாரதியார் பல்கலைக்கழகத்தின் மணிமேகலன் உள்ளிட்டோர் நீலகிரியின் அடிவாரத்தில் ஓடும் மோயாற்றில் திமில் மகசீரைக் கண்டு, உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டனர். இரண்டும் ஒரே இனம் என்பது தெளிவாயிற்று. பெயர் கிடைத்த அதே ஆண்டில், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை மிக ஆபத்தான நிலையில், அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்தது. பிறப்புச் சான்றிதழும் அபாய அறிவிப்பும் ஒருசேர வந்த நிகழ்வு அது.

இன்று பாம்பாறு பாயும் சின்னாறு, 1984இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம். மேற்கே மழைக்காடும் சோலையும் செழிக்க, மலையின் மறைவில் உள்ள இந்நிலமோ முட்புதர் நிறைந்த வறண்ட காடு. அதன் நடுவே ஆற்றங்கரையில் மட்டும் மருத மரங்கள் நிழல் பரப்புகின்றன. தூவானம் அருவிக்கு வனத்துறை வழிகாட்டியோடு நடந்து செல்லலாம். தூண்டிலுக்கு இடமில்லாத அந்த ஆற்றில், பாறை மேல் அமைதியாக அமர்ந்து ஆழ்கயத்தை நோக்குவதே போதுமான இன்பம்.

செல்ல விரும்புவோர்க்கு

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு செல்லும் சாலை சின்னாறு, மறையூர், லக்கம் அருவி, இரவிகுளம் நுழைவாயில் ஆகியவற்றைத் தொட்டுச் செல்கிறது. ஆற்றின் கீழிருந்து மேல்நோக்கிப் பயணம் செய்ய இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. வரையாடுகள் குட்டி ஈனும் பருவத்தில், பொதுவாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், இரவிகுளம் மூடப்படும். பருவமழைக் காலத்தில் ஆற்றோரப் பாறைகள் ஆபத்தானவை.

தேசியப் பூங்கா, சரணாலயம் ஆகியவற்றுக்குள் தூண்டில் போடக் கூடாது. பிற இடங்களில் மீன்பிடிப்பு விடுதிகளை நாடுவோர், எந்த நீரில், யாருடைய அனுமதியோடு என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுவது நன்று. முள்ளில் எதிர்க்கொக்கி இல்லாதிருப்பதும், மீனை ஈரக்கையால் தொடுவதும், நீருக்கு வெளியே நெடுநேரம் வைத்துப் படம் எடுக்காதிருப்பதும் நல்ல விடுதியின் அடையாளங்கள். ‘உங்கள் ஆற்றில் எந்த இனங்கள் உள்ளன? குஞ்சுகளை வெளியிலிருந்து கொண்டுவந்து விடுகிறீர்களா?’ என்னும் இரு கேள்விகளைக் கட்டாயம் கேளுங்கள். மறவாமல் அவர்களின் பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள்.

காவிரி முகாமின் தூண்டில்காரர்கள் தவறும் செய்தனர்; அத்தவறு வெளிப்படுவதற்கு வேண்டிய சான்றையும் தம் கையாலேயே எழுதி வைத்தனர். நேர்மையாக எழுதப்பட்ட கணக்கு, எழுதியவருக்கே எதிராகவும் பேசும். அதனால்தான் அது நம்பத்தக்கது. பாம்பாற்றின் ஆழ்கயங்களில் எஞ்சியுள்ள மீன்களுக்கு அத்தகைய கணக்கொன்று இனியும் தொடர்ந்து எழுதப்பட வேண்டும்.