எதிர்க்கரைக்கு எழுபது கிலோமீற்றர்

கற்பிட்டியில், ஒல்லாந்தர் கோட்டைப் பக்கம் களப்புக் கரையில் நின்று கிழக்கே பார்த்தால், தண்ணீருக்கு அப்பால் மை இழுத்த கோடுபோல ஒரு கரை தெரியும். அது கண்டல் காடு. அதன் பின்னால் இருக்கிற ஊர் எலுவன்குளம். நேர்கோட்டில் அளந்தால் பதினைந்து கிலோமீற்றருக்கு மேல் இராது. வான் பிடித்துத் தரைவழியே போனாலோ எழுபதைத் தாண்டும். தெற்கே பாலாவி வரை இறங்கி, புத்தளத்தைத் தொட்டு, களப்பின் மறுகரையில் திரும்பவும் வடக்கே ஏற வேண்டும். புத்தளம் களப்பை ஒரு லாடமாக வைத்துக்கொண்டால், ஒரு நுனியில் கற்பிட்டி, மறு நுனியில் எலுவன்குளம்.

கற்பிட்டிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த லாடத்தின் ஒரு நுனியோடு திரும்பிவிடுகிறார்கள். மே முதல் ஒக்டோபர் வரை தென்மேற்குக் காற்று. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் சறுக்கும் கைற் சர்ஃபிங்குக்கு அதுதான் காலம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அடங்கியிருக்கும். விடிகாலையில் படகேறினால் கூட்டம் கூட்டமாகத் துள்ளும் டொல்பின்களைப் பார்க்கலாம். ஆலங்குடாவிலும் கண்டக்குளியிலும் ஓலை வேய்ந்த கபானாக்களில் தங்கி, காற்றும் அலையும் அனுபவித்துவிட்டுக் கொழும்புக்கு வண்டி ஏறுகிறார்கள். நடுவில் ஒரு நாளை ஒதுக்கி, வான் ஒன்றை ஹயருக்குப் பிடித்து எதிர்க்கரைக்குப் போய் வந்தால், இந்தக் கரையின் கதை முழுதாகக் கிடைக்கும்.

இலங்கையில் வண்டியை ஹயருக்கு எடுப்பது என்றால் பெரும்பாலும் ஓட்டுநரோடு சேர்த்துத்தான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் தானே ஓட்ட வேண்டுமானால் கையிலுள்ள அனுமதிப்பத்திரம் மட்டும் போதாது, உள்நாட்டு ஒப்புதலும் வேண்டும். ஆனாலும் ஓட்டுநரை அமர்த்துவதற்கு உண்மையான காரணம் சட்டமல்ல. இந்தப் பாதையில் வழியைவிட நேரம்தான் முக்கியம், அந்த நேரக்கணக்கு ஊர்க்காரருக்கே தெரியும். எத்தனை கிலோமீற்றர், எத்தனை மணி நேரம் காத்து நிற்பது, ஓட்டுநருக்குச் சாப்பாடு யார் பொறுப்பு என்பதையெல்லாம் புறப்படுமுன்னரே பேசி முடித்துவிட வேண்டும். வில்பத்துக் காட்டுக்குள் போவதாக இருந்தால் வான் வாசல் வரைதான்; உள்ளே போக ஜீப்பை வேறாக ஒழுங்கு செய்ய வேண்டும். வாசல் காலை ஆறு மணிக்குத் திறக்கும். அப்படியானால் கற்பிட்டியில் நான்கு மணிக்கே வண்டி கிளம்பியாக வேண்டும்.

தீபகற்பத்தின் முதல் நாற்பது கிலோமீற்றர் இருட்டில் கழியும். கொழும்புக்குத் திரும்பும் நாளில் அதே பாதையை வெளிச்சத்தில் பார்க்கலாம். மணல் நிலத்தில் கிணற்று நீரை இறைத்து வெங்காயமும் மிளகாயும் போட்ட தோட்டங்கள், தெருவோரம் மேயும் கழுதைகள், தலவிலயில் புனித அன்னம்மாள் தேவாலயம் என்று ஒவ்வொன்றாக வரும். அந்தத் தேவாலயத்தின் மார்ச், ஓகஸ்ட் திருவிழாக்களுக்குத் தமிழரும் சிங்களவரும் ஒரே பந்தலில் கூடுவார்கள். அடுத்து நுரைச்சோலை. 2011இல் முதல் இயந்திரமும் 2014இல் மூன்றாவதும் இயங்கத் தொடங்கிய, 900 மெகாவாற் திறனுள்ள அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி நெடுந்தூரத்துக்குத் தெரியும். காற்றாலைகள் அதே கரையில் சுழன்றுகொண்டிருக்கும். பாலாவியில் உப்பளங்கள் வெள்ளைப் பாத்திகளாக விரிய, பாதை கொழும்பு வீதியில் ஏறும்.

புத்தளத்துக்கு வரும்போது இன்னும் விடிந்திராது. ஒரு பிளேன்டீ குடிக்க நிறுத்தும்போது நினைக்க வேண்டியவர் இபுன் பதூதா. மொரோக்கோவில் பிறந்த அந்தப் பயணி 1344இல் மாலைதீவிலிருந்து வந்து இறங்கிய ‘பத்தாலா’ இந்தப் புத்தளம்தான் என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. யாழ்ப்பாண மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி அவரை இங்கே வரவேற்றார். பாவா ஆதம் மலைக்கு, அதாவது சிவனொளிபாத மலைக்கு, போக வேண்டும் என்று விருந்தாளி கேட்டதும் மன்னர் ஒரு பல்லக்கையும் அதைத் தூக்க ஆட்களையும் கொடுத்தார். வழி தெரிந்த நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், அரசரின் ஆட்கள் பத்துப் பேர், உணவு சுமக்கப் பதினைந்து பேர் என்று ஒரு பரிவாரமே கூடப் போனதைப் பதூதா எழுதிவைத்திருக்கிறார். வாகனம், வழிகாட்டி, சாப்பாடு என்று இன்றைய ஹயருக்குக் கேட்கிற மூன்றும் ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன் இதே ஊரிலிருந்து ஒழுங்கு செய்யப்பட்டிருக்கின்றன.

இன்னொரு பயணமும் இந்த ஊரில் வந்து நின்றிருக்கிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் ஏராளமானோர் புத்தளத்திலும் கற்பிட்டிப் பக்கமும்தான் அடைக்கலம் புகுந்தார்கள். மன்னார் முசலியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கையில் அகப்பட்டதோடு வந்தவர்கள், ஓலைக் கொட்டில்களில் தொடங்கி ஊர்களை எழுப்பினார்கள். பாலாவியிலிருந்து கற்பிட்டி வரை அவர்களுடைய குடியிருப்புகள் இருக்கின்றன. வழியில் தேநீர்க் கடையிலோ ஓட்டுநர் இருக்கையிலோ மன்னார்ப் பேச்சு காதில் விழுந்தால் காரணம் அதுதான்.

புத்தளத்திலிருந்து வடக்கே போகும் பாதை வண்ணாத்திவில்லு வழியாகச் செல்கிறது. இங்கே மண் செம்மண். அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அத்திலாந்திக்கிலுள்ள லான்சரோட்டே போன்ற எரிமலைத் தீவுகளில் ஹயர் கார் எடுக்கிறவர் நெருப்பு உறைந்த பாறைமேல் ஓடுகிறார். இந்தக் கரையிலோ வண்டி ஓடுவது கடலடியில் படிந்து இறுகிய மயோசீன் காலச் சுண்ணாம்புப் படிவத்தின்மேல். அருவக்காட்டில் அந்தக் கல்லை வெட்டி, ரயிலில் பாலாவிக்கு அனுப்பிச் சீமெந்து ஆக்குகிறார்கள். அதே அருவக்காட்டுக்குத்தான் கொழும்பின் குப்பையைக் கொண்டுவந்து கொட்டும் திட்டமும் வந்தது. 2018இலும் 2019இலும் புத்தளத்து மக்கள் இன, மத வேறுபாடில்லாமல் தெருவில் இறங்கி அதை எதிர்த்தார்கள். தலைநகரம் வேண்டாம் என்று தள்ளுவதையெல்லாம் ஏந்திக்கொள்ளும் கரையாகத் தங்கள் ஊர் ஆகிவிடக் கூடாது என்பது அவர்களுடைய நியாயமான கோபம்.

எலுவன்குளத்துக்கு வந்ததும் ஓட்டுநர் முதலில் எதிரே வருகிற வண்டிக்காரரிடம் கேட்பது, “நானா, ஆத்துல தண்ணி எப்படி?” என்பதைத்தான். ஆறு என்பது கலா ஓயா. ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டிய கலாவாவிக்கு நீர் தந்து, அநுராதபுரத்து வயல்களை நனைத்து, கடைசியில் இந்த ஊரருகே களப்பில் கலக்கிறது. அதைக் கடக்கத் தாழ்வான சப்பாத்துப் பாலம் இருக்கிறது. ஒக்டோபருக்குப் பிந்திய மாரி மழையில் ஆறு பெருகினால் பாலத்துக்கு மேலாகத் தண்ணீர் ஓடும். அப்போது கணுக்கால் அளவுதானே என்று வண்டியை இறக்கக் கூடாது. சுழலும் முதலையும் உள்ள ஆறு அது. தண்ணீர் வடியும்வரை காத்திருக்கவோ, அன்றைய பயணத்தை மாற்றவோ தயாராக இருப்பவரே நல்ல ஓட்டுநர்.

ஆற்றுக்கு வடக்கே வில்பத்து தேசிய பூங்கா. 1938இல் அறிவிக்கப்பட்டது, 1,31,667 ஹெக்டேர், நாட்டின் மிகப் பெரிய தேசிய பூங்கா. ‘வில்லு’ என்பது மழைநீர் தேங்கும் இயற்கைத் தடாகம், சுற்றிலும் வெண்மணல் கரை. வில்லுகள் நிறைந்த பற்று என்பதால் வில்பத்து என்று சொல்வார்கள். பணிக்கர் வில்லு, காளி வில்லு என்று பெயர்களே பழைய ஆட்களை நினைவூட்டும். பணிக்கர் என்பது யானை பிடிப்பவர்களைக் குறிக்கும் சொல். பாலை மரம் பழுக்கும் மே முதல் ஜூலை வரை கரடி மரமேறிப் பழம் தின்னும். சிறுத்தையைப் பார்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. ஆனால் வில்லுக் கரையில் அரை மணி நேரம் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தவர்களுக்கே காடு தன்னைக் காட்டும்.

போர் இந்தக் காட்டையும் விடவில்லை. 1988 இறுதியில் மூடப்பட்ட பூங்கா 2003இல் திறந்தது. 2006 மே மாதம் உள்ளே கண்ணிவெடியில் சிக்கி இறந்தவர்களில் நாவலாசிரியர் நிஹால் டி சில்வாவும் ஒருவர். மறுபடி மூடி, 2010இல்தான் கதவு திறந்தது. முதன்மை வாசல் கிழக்கே ஹுனுவில்கமவில் இருப்பதால் கூட்டம் அங்கே போகிறது. மேற்கு வாசலான எலுவன்குளத்தில் அமைதி அதிகம். கடலோர வரலாற்றைத் தேடுகிறவருக்கு இந்த வாசல்தான் பக்கம்.

வாசலுக்கு அப்பால் பொம்பரிப்பு. பழைய பெயர் பொன்பரப்பி. இங்கே மண்ணுக்குள் முதுமக்கள் தாழிகள் கிடைத்தன. 1924இல் தொல்லியலாளர் ஹோகார்ட்டும், 1950களில் பி.இ.பி. தெரணியகலவும், 1970இல் விமலா பெக்லியின் குழுவும் தோண்டினார்கள். தாழிக்குள் எலும்புகள், கறுப்பு-சிவப்பு மட்கலங்கள். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரைப் பார்த்தவருக்கு இது புதிதல்ல. இலங்கையின் பழம் பெயர்களில் ஒன்று தாமிரபரணியை ஒத்த தம்பபண்ணி என்பதையும் சேர்த்து எண்ணினால், மன்னார் வளைகுடா இரு கரைகளையும் எவ்வளவு நெருக்கமாக வைத்திருந்தது என்பது புரியும். இன்னும் வடக்கே செப்பு நிறச் சரிவோடு கடலுக்குள் நீட்டும் குதிரைமலை. ரோமரான பிளினி எழுதிய ‘ஹிப்புரோஸ்’ துறை இதுவே என்று அடையாளம் காண்கிறவர்கள் உண்டு. கிரேக்கத்தில் ‘ஹிப்போஸ்’ என்றால் குதிரை. அல்லி அரசாணியின் கோட்டை இங்கே இருந்தது என்பது ஊர்க் கதை. அங்கிருந்து பார்க்கிற கடல்தான் முத்துக் குளித்த கடல். காட்டின் வடக்கு விளிம்பிலுள்ள மறிச்சுக்கட்டியில் 1906இல் நடந்த முத்துக்குளிப்பை மேற்பார்த்த அதிகாரிகளில் எழுத்தாளர் லெனார்ட் வூல்ஃபும் இருந்தார்.

எலுவன்குளத்திலிருந்து மறிச்சுக்கட்டிக்குப் பூங்காவை ஊடறுத்துப் போகும் பழைய மன்னார்ப் பாதையைப் பற்றி இரண்டு நியாயங்கள் மோதுகின்றன. முசலிக்குத் திரும்பிய மக்களுக்கு அது புத்தளத்து உறவுகளிடம் போகிற குறுக்கு வழி. இல்லாவிட்டால் அநுராதபுரம், மதவாச்சி என்று சுற்ற வேண்டும். சூழலியல் அமைப்புகளுக்கோ அது காட்டை இரண்டாக வெட்டும் கத்தி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பூங்காவுக்குள் வண்டியைக் கட்டுப்படுத்துவது இங்கே மட்டும் உள்ள வழக்கமல்ல. லான்சரோட்டேயில் 1730 முதல் 1736 வரை வெடித்த எரிமலைகளின் நடுவே உள்ள திமான்ஃபாயா பூங்காவில், ஹயர் காரை ஓரிடத்தில் விட்டுவிட்டுப் பூங்காவின் பேருந்தில்தான் எரிமலைப் பாதையைச் சுற்ற முடியும். வில்பத்தில் ஜீப்பிலிருந்து நினைத்த இடத்தில் இறங்க விடாததும் இயற்கையைக் காக்கும் அதே அக்கறையில்தான். சிறுத்தைச் செய்தி வந்ததும் வேகமாகப் போகச் சொல்லி ஓட்டுநரை நெருக்காமல் இருப்பது பயணியின் கையில் இருக்கிறது.

பிற்பகலில் காட்டைவிட்டு வெளியே வந்தால், கங்கேவாடிக்குப் போகலாம். வாடி என்றால் மீனவர் தங்கும் கொட்டில். கலா ஓயா களப்பில் சேரும் இந்த இடத்தில் ஊர் மீனவர்களே படகு எடுத்துக் கண்டல் காட்டுக்குள் கூட்டிப் போகிறார்கள். இலங்கையின் பெரிய கண்டல் காடுகளில் இது ஒன்று. இறாலும் நண்டும் குஞ்சுப் பருவத்தில் வளர்வது இந்த வேர்களுக்கிடையில்தான். களப்பை நம்பியிருக்கிற ஆயிரமாயிரம் அடுப்புகளுக்கு அதுவே மூலதனம். கடற்கரை ஹோட்டல்களில் விழுகிற சுற்றுலாப் பணத்தில் ஒரு பங்கு இந்தப் படகுக்காரர்களிடம் சேர்வது, காட்டை வெட்டாமல் காக்க அவர்களுக்குக் கிடைக்கும் நேரடிக் காரணம்.

படகு ஆற்றுவாயைத் தாண்டிக் களப்புக்குள் வந்ததும் மேற்கே வெயில் சாயும். காலையில் புறப்பட்ட கரை அங்கே, தண்ணீருக்கு அப்பால், மெல்லிய கோடாகத் தெரியும். யானை இறங்கும் நேரம் என்பதால் வண்ணாத்திவில்லு வரை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும் என்று ஓட்டுநர் சொல்லியிருப்பார். வான் கரையில் காத்திருக்கிறது. கற்பிட்டிக்கு இன்னும் எழுபது கிலோமீற்றர்.