தொலைவழி வைத்தியத்தின் தரம் அறிதல்

நூலை இழுத்துப் பார்த்தும் பூவைத் தராசில் இட்டும் தரமும் எடையும் அறிகிறோம். தொலைவிலிருந்து பெறும் வைத்தியத்தின் தரத்தை எவ்வாறு அறிவது? நிலக்கோட்டை வட்டாரத்து அங்கத்தினர் அனைவரும் ஆராய வேண்டிய கேள்வி இது.

அண்டையிலுள்ள மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் நிறுவிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2004 முதல் சிற்றூர்களில் பார்வை மையங்களை நடத்தி வருகிறது. அங்கே பயிற்சி பெற்ற ஊழியர் கருவி கொண்டு கண்ணைச் சோதிப்பார். தொலைவிலுள்ள டாக்டர் இணையத்தின் வாயிலாக நோயாளியோடு பேசி முடிவு சொல்வார். கண்ணாடி போதுமெனில் மையத்திலேயே கிடைக்கும். கண்புரையெனில் மருத்துவமனைக்கு அனுப்புவர்.

தறியில் இழை தெரியாது தடுமாறும் நெசவாளிக்கு இதனால் ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் மிஞ்சும். ஆயினும், எத்தனை பேர் பேசினர் என்ற கணக்கு மட்டும் தரத்தைக் காட்டாது. அனுப்பப்பட்டவர் மருத்துவமனையை அடைந்தாரா, பார்வை மீண்டதா என்பவையே உரைகல்.

நேரில் சோதிப்பது இன்றியமையாததாயின், அதற்கு ஏற்பாடு செய்யும்வரை தொலைவழி ஆலோசனையைத் தொடரலாகாது என்று 25-3-2020இல் இந்தியாவில் வெளியான வழிகாட்டு நெறிகள் விதிக்கின்றன. மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவெண்ணும் இருத்தல் வேண்டும். எனவே அங்கத்தினர்கள் சீட்டைக் கேட்டுப் பெற்றுப் பத்திரப்படுத்துவார்களாக. திடீரெனப் பார்வை மங்கினாலோ, கண்ணில் கடும் வலி கண்டாலோ, தாமதியாது நேரே மருத்துவமனைக்குச் செல்வார்களாக. திரையில் டாக்டரைக் கண்டதோடு வைத்தியம் முடிந்துவிடுவதில்லை.